குளவிக்கு முன்னால் உறுமி: தேயிலை மலை கேமுக்கு இசை அடுக்கும் செய்முறை

தோட்டத்தில் குளவி என்றால் விளையாட்டுப் பேச்சு இல்லை. கொழுந்து பறிக்கிற நிரையில் (தேயிலைச் செடி வரிசையில்) கூடு கலைந்துவிட்டால் கூடையைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். அந்த ஓட்டத்தைக் கைபேசிக்குள் கொண்டுவரப் படம் மட்டும் போதாது. ஆறு அங்குலத் திரையில் குளவி வெறும் கறுப்புப் புள்ளி. அதைப் பார்த்து யாருக்கும் வயிறு கலங்காது. காதில் விழுவதுதான் கலக்கும்.

அப்படி ஒரு சின்ன கேமுக்கு இசை செய்யும் வேலையின் பதிவு இது. கோடோட் 4.3 என்ற கேம் உருவாக்கும் மென்பொருள், ஆண்ட்ராய்டு போன், 8 நிமிட ஆட்டம். மூடுபனிக்குள் நிரை பிடித்து 18 கிலோ கொழுந்து பறித்து, நேரம் முடியுமுன் மடுவம் என்ற கொட்டகையில் நிறுக்க வேண்டும். வழியில் இரண்டு இடத்தில் குளவிக் கூடு உண்டு. கூட்டுக்குக் கிட்டப் போய்விட்டால் அசையாமல் நிற்க வேண்டும். கலைந்துவிட்டால் ஓட வேண்டும். ஆடுபவரிடம் எதிர்பார்க்கும் செயல்கள் நான்குதான்: பறி, விரைந்து பறி, நில், ஓடு.

கேம் இசையை அலங்காரம் என்று எண்ணித் தொடங்கினால் வேலை கெட்டுப்போகும். அது ஆடுபவரின் விரலுக்குப் போடுகிற உத்தரவு. இலங்கை மலையகத்துக் காதுக்கு இது புதிதும் அல்ல. விடியலில் தப்பு என்ற பறையை அடித்துத்தான் ஒரு காலத்தில் ஆட்களைப் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கூப்பிட்டார்கள். திருவிழா அடி, காமன் கூத்து அடி, சாவு அடி என்று ஒவ்வொன்றையும் கேட்ட மாத்திரத்தில் கால் எங்கே போக வேண்டும் என்று லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். ஆகவே ஓர் ஒலியைப் பதியுமுன் தாளில் எழுத வேண்டிய கேள்வி ஒன்று: இது கேட்டதும் விரல் என்ன செய்ய வேண்டும்? பதில் எழுத முடியாத ஒலியை எடுத்துவிடலாம்.

கேம் வரலாற்றிலும் இது பழைய சங்கதி. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இறங்குமுகமான நாலே நாலு சுரம்தான் திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் குறையக் குறைய அது விரையும். ஆடுபவரும் கூடவே பதறுவார். 1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் நேரம் 100க்குக் கீழே இறங்கியதும் இசை வேகமெடுக்கும். அதுவரை நிதானமாகப் பார்த்துத் தாண்டியவர் அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு குதிப்பார். உடம்பும் இதற்கு ஈடுகொடுக்கிறது. சில்வி எபேரும் அவரது குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் குவேக் 3 அரீனாவை ஒரு சாரார் அதன் இசையோடும் மறு சாரார் இசை இல்லாமலும் ஆடினார்கள். ஆட்டத்துக்குப் பின் உமிழ்நீரைச் சோதித்தபோது, இசையோடு ஆடியவர்களிடம் கோர்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு கூடுதலாக இருந்தது. ஆட்டம் ஒன்றே, மாறியது இசைதான்.

வேகக் கணக்கு

முதலில் ஒரே வேகத்தை முடிவு செய்து எல்லா அடுக்கையும் (ஒன்றின் மேல் ஒன்றாக ஒலிக்கும் தனித்தனி இசைக் கோப்புகளை) அதிலேயே பதிய வேண்டும். இந்த வேலைக்குப் பொருந்துவது நிமிடத்துக்கு 100 பீட். காரணம் இரண்டு. பறிக்கும் அசைவைச் சரியாக 0.6 விநாடிக்கு வரைந்துவிட்டால் ஒரு பீட்டுக்கு ஒரு பறிப்பு விழும். யாரும் சொல்லாமலே ஆடுபவரின் விரல் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். அடுத்தது கணக்கு முழு எண்ணில் வருவது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுக்கும் புள்ளிகள்) என்ற பதிவு வேகத்தில் ஒரு பீட் 26,460 மாதிரிகள். தப்பில் இயல்பாக வருகிற மூன்று மூன்றான நடைக்கு அதை மூன்றாகப் பிரித்தால் 8,820. எங்கும் பின்னம் இல்லை. நாலு பீட் ஒரு பார், அதாவது 2.4 விநாடி. எட்டு பார் ஒரு சுற்று: 19.2 விநாடி, 8,46,720 மாதிரிகள். எல்லாக் கோப்பும் மாதிரி எண்ணிக்கை வரைக்கும் இதே நீளம் இருக்க வேண்டும். நூறு மாதிரி கூடக்குறைய இருந்தாலும் சுற்றுக்குச் சுற்று அது சேர்ந்துகொண்டே போகும். பத்து நிமிடத்தில் 31 சுற்று ஓடும்போது 70 மில்லிவிநாடி விலகி, ஒரே அடி இரண்டு அடியாகக் கேட்கும்.

பரபரப்பைக் கூட்ட வேகத்தைக் கூட்ட வேண்டியதில்லை. அதே 100க்குள் அடியின் நெருக்கத்தைக் கூட்டினால் போதும்: பீட்டுக்கு ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஆறு. வேகம் மாறாததால் எந்த அடுக்கையும் எந்த நேரத்திலும் சேர்க்கலாம், கழற்றலாம். கடைசி ஒரு நிமிடத்துக்கு மட்டும் உண்மையான வேகம் வேண்டுமென்றால் பிளேயரின் பிட்ச் ஸ்கேலை 1.12 வரை ஏற்றலாம். வேகம் 112 ஆகும், சுருதியும் ஏறத்தாழ இரண்டு அரைச்சுரம் ஏறும். வீணையிலோ புல்லாங்குழலிலோ இதைச் செய்தால் காது உடனே பிடித்துவிடும். தப்பில் அப்படி இல்லை. நெருப்பில் காய்ச்சி எடுத்த தப்பு அப்படித்தான் இறுகிச் சுருதி ஏறும், அதனால் இயல்பாகவே இருக்கிறது. 1.12க்கு மேலே போனால் தகரம் தட்டுவது போலாகிவிடும்.

தப்பைப் பதிவது

தேவையானவை: ஒரு தப்பு, அதை அடிக்கும் தடித்த அடிக்குச்சி, மெல்லிய சிம்புக்குச்சி, ஒரு உறுமி (வளைந்த குச்சியால் இழுத்தால் முனகும் மேளம்), ஒரு ஜோடி தாளம் (ஒன்றோடொன்று தட்டும் சிறு உலோகக் கிண்ணங்கள்), மின்கலத்தில் ஓடும் ஒலிப்பதிவுக் கருவி, ஒரு காதில் மட்டும் மாட்டுகிற இயர்போன், நாலு கம்பளி, ஒரு கட்டு காய்ந்த மிலாறு (விறகுக் குச்சி). கருவி இல்லாதவர்கள் போனிலேயே பதியலாம், ஆனால் தானியங்கி ஒலிச் சமன் வசதியை நிறுத்த விடுகிற செயலி வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தால் முதல் அடி நசுங்கும், அடிக்கும் அடிக்கும் நடுவே காற்றிரைச்சல் பொங்கி எழும். பிறகு எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

இடம்தான் பெரிய சிக்கல். லயத்துக் காம்பிராவில் தகரக் கூரையும் சிமெந்துச் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். கோயில் மண்டபத்தில் எதிரொலி நீண்டு, அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்று போடும்போது குழம்பிப்போகும். காற்றில்லாத பிற்பகலில் திறந்த வெளி நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளில் அதற்கு மழை விடாது. சாக்குகள் அடுக்கிய களஞ்சிய அறை கிடைத்தால் அதை விடக்கூடாது. அடிப்பவருக்குப் பின்னாலும் பக்கங்களிலும் கம்பளியைத் தொங்கவிட்டு, மைக்கை ஒன்றரை மீட்டர் தள்ளி, தோலின் நடுவுக்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். உச்ச அளவு −12 டெசிபலைத் தொட்டால் போதும். சிம்புக்குச்சியின் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும் அளவை விடத் திடீரென்று எகிறும். அந்த இடைவெளி அதற்குத்தான்.

இனி தோல். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கத்து மூடுபனியில் காய்ச்சிய தப்பு கால்மணி நேரம்கூட நிற்காது. ஈரம் ஏறினால் தோல் தொய்யும், "டங்" என்றது "தொப்" என்றாகும். மிலாறைக் கொளுத்தித் தணல் ஆனபின் தப்பை அதற்கு முன்னால் சாய்த்துப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே காட்ட வேண்டும். விரலால் சுண்டிப் பார்க்கும்போது ஓரத்திலும் நடுவிலும் ஒரே இறுக்கமாகக் கேட்டால் சரி. ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் சுருதி இரண்டாகப் பிரிந்து கேட்கும். அப்படிப் பதிந்ததை எவ்வளவு வெட்டினாலும் ஒட்டாது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அடிக்குச்சியால் தனியாக ஒரே ஓர் அடி அடிக்கச் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். பின்னால் எந்தப் பதிவு எந்தச் சூட்டில் இருந்தது என்று அந்த ஓர் அடியை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

வேகம் காட்டும் கிளிக் ஒலியை இயர்போனில் கொடுத்தாலும் தப்படிப்பவர்கள் வேகம் ஏறிக்கொண்டே போவார்கள். அது பிழையல்ல, தப்பின் இயல்பு. அடி ஏற ஏற ஆட்டம் ஏற வேண்டும் என்பதுதான் அதன் இலக்கணம். எட்டு பாரை ஒரே மூச்சில் கேட்காமல் இரண்டிரண்டு பாராகப் பதிந்து, ஒவ்வொரு பாரின் முதல் அடியை மட்டும் கணினியில் கோட்டுக்கு இழுத்து வைத்தால் போதும். உள்ளே இருக்கும் அடிகளைத் தொடக் கூடாது. எல்லா அடியையும் இயந்திரக் கோட்டில் நிறுத்தினால் அது தப்பு அடியாக இருக்காது, அலாரமாகிவிடும்.

பதியுமுன் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது, இதை யாரும் தவறவிடக் கூடாது. ஒவ்வொரு அடிக்கும் "அண்ணே, இது எந்த நேரத்துக்கு அடிக்கிறது?" என்று கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுத வேண்டும். அழகாக இருக்கிறதே என்று சாவு ஊர்வலத்து அடியை ஓட்டக் காட்சிக்குப் போட்டால், கொழும்பில் வளர்ந்தவர் விறுவிறுப்பாக ஓடுவார். தோட்டத்துப் பிள்ளையின் விரல் தளரும். அவர் காதில் அது "ஓடு" இல்லை; யாரோ போய்விட்டார், வேலையை வைத்துவிட்டு வா என்ற சேதி. வேகமும் நெருக்கமும் எல்லா உடம்புக்கும் பொது என்று வைத்துக்கொண்டாலும், அடியின் பொருள் ஊருக்கு ஊர் வேறு. அடிப்பவர்களுக்குப் பேசிய கூலியைப் பதிவு முடிந்த கையோடு கொடுத்து, பெயர் போட அவர்கள் விரும்பினால் கேமின் முதல் திரையிலேயே போட வேண்டும். இந்தக் கலையை அடித்தவர்களுக்கு மரியாதை கொடுக்காமல் ஒலியை மட்டும் வாங்கிப் போன கதை போதும்.

வெட்டி ஒட்டுவது

சுற்று முடிகிற இடத்தில் கடைசி அடியின் நாதம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். 19.2 விநாடியில் வெட்டினால் அது அறுந்து "டக்" என்று கேட்கும். வழி எளிது: எல்லாவற்றையும் அடுக்கியபின் அதே சுற்றை இரண்டு முறை அடுத்தடுத்து வைத்து ஏற்றுமதி செய்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். முதல் சுற்றின் வால் இரண்டாவதன் தலையில் ஏற்கெனவே விழுந்திருக்கும். திரும்பச் சுற்றும்போது ஒட்டு தெரியாது. எம்பி3 வேண்டாம். அந்தக் குறியாக்கம் கோப்பின் தலையில் கொஞ்சம் வெற்றிடம் சேர்ப்பதால் சுற்றுக்குச் சுற்று தடுக்கும். ஓக் வோர்பிஸ், ஒற்றைத் தடம், ஏறத்தாழ 64 கிலோபிட் என்றால் ஓர் அடுக்கு 154 கிலோபைட்தான். ஐந்து அடுக்கும் சேர்ந்து ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். டேட்டா கார்டு போட்டு இறக்குபவர்களுக்கு இது பெரிய விஷயம்.

போன் ஒலிபெருக்கி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏதும் உருப்படியாகச் சொல்லாது. தப்பின் அடிவயிற்று முழக்கம் இருப்பது அங்கேதான். இயர்போனில் மார்பை இடிக்கும் அடி போனில் கேட்டால் காணாமல் போவது இதனால். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, குச்சி தோலில் படும் ஓசை இருக்கிற 3 கிலோஹெர்ட்ஸ் அருகில் 3 டெசிபல் ஏற்றினால் அடியின் விளிம்பு தெளியும். உறுமிக்கும் இதே தொல்லை. வளைந்த குச்சியால் இழுக்கும் அந்த முனகல்தான் இந்த கேமில் குளவியின் குரல். அதைச் சற்று மேலே, 400 ஹெர்ட்ஸைத் தாண்டி ஒலிக்கும்படி இழுக்கச் சொல்லிப் பதிவது நல்லது. மொத்த அளவு −18 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலி அளவின் அலகு) அருகில் நிற்கட்டும்.

கோடோட்டில் இணைப்பது

அடுக்குகள் ஐந்து: தனியே சுழலும் மூடுபனிக் காற்று, தாளம், அடிக்குச்சியின் ஒற்றை அடி, சிம்புக்குச்சியோடு முழுத் தப்பு, உறுமி இழுப்பு. காற்றைத் தவிர்த்த நாலையும் ஆடியோஸ்ட்ரீம் சிங்க்ரனைஸ்டு என்ற வளத்துக்குள் போட வேண்டும். இது 4.3 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் நாலு பிளேயரை ஒரே நேரத்தில் இயக்கி, விலகாமல் இருக்க வேண்டிக்கொள்வார்கள். எல்லா அடுக்கும் எப்போதும் ஓடும், கேட்காதது −60 டெசிபலில் இருக்கும். இறக்குமதிப் பலகையில் ஒவ்வொரு கோப்புக்கும் வேகம் 100, பீட் எண்ணிக்கை 32, பாருக்கு 4 என்று கொடுத்துச் சுழற்சியை இயக்க வேண்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் இது: ஓர் அடுக்கை மெல்லக் கொண்டுவர −60 முதல் 0 வரை டெசிபலையே சீராக ஏற்றுவார்கள். காதுக்கு முதல் பாதியில் ஒன்றும் கேட்காது, கடைசியில் திடீரென்று குதிக்கும். 0 முதல் 1 வரை நேர்கோட்டு எண்ணை ஏற்றி, அதை டெசிபலாக மாற்றிக் கொடுக்க வேண்டும். கோடோட்டில் அதற்கே ஒரு சார்பு உண்டு.

குளவிக் கூட்டுக்கான தூரம்: 12 மீட்டருக்குள் வந்தால் உறுமி ஏறும், 18 மீட்டரைத் தாண்டினால்தான் இறங்கத் தொடங்கும், அதுவும் 4 விநாடி பொறுத்து. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் எல்லையில் கொழுந்து பறிக்கிறவருக்கு உறுமி வருவதும் போவதுமாக மின்னும். மூன்றாவது முறை அவர் அதை நம்ப மாட்டார். ஏறுவது ஒரு பீட்டில், 0.6 விநாடி. இறங்குவது இரண்டு பாரில், 4.8 விநாடி. பயம் வருகிற வேகத்தில் போவதில்லை.

கூடு கலையும் தருணத்துக்கு அடுத்த பீட் வரும் வரை காத்திருக்கவும் கூடாது, தாள நடையை உடைக்கவும் கூடாது. இரண்டையும் பிரித்துவிட வேண்டும். கலைந்த அதே நொடியில் தனி பிளேயரில் ஒரே ஒரு நீண்ட உறுமி இழுப்பு, எதற்கும் காத்திராமல். அதன் நிழலில் முழுத் தப்பு அடுத்த பீட்டில் ஏறும். அதிகம் போனால் 0.6 விநாடித் தாமதம், காதுக்குத் தெரியாது. அதே நேரத்தில் தாளத்தை முழுதாக இறக்க வேண்டும். தாளம் கேட்கும் வரை விரல் பறித்துக்கொண்டேயிருக்கும்.

உறுமி 12 மீட்டரில் வருவதால் கண்ணுக்குக் கூடு தெரியுமுன்னே ஆடுபவர் எச்சரிக்கையாவார். ஆச்சரியம் கெடுகிறதே என்று சிலர் இதைப் பிந்தி வைப்பார்கள். இந்த கேமில் அது தவறு. திடுக்கிட வைப்பது எளிது, ஒரு முறைதான் வேலை செய்யும். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கேட்கிற முனகல்தான் ஒருவரைக் கொழுந்தின் மேல் கை வைத்தபடியே அசையாமல் நிற்க வைக்கும். 1999இன் சைலன்ட் ஹில்லில் அரக்கர்கள் நெருங்கும்போது வானொலி இரைவதும் இதே சூத்திரம்தான்.

பஸ்ஸில் ஒலியை அடைத்துவிட்டு ஆடுபவர்களும், காது கேளாதவர்களும் உண்டு. உறுமியின் அளவையே எடுத்துத் திரை ஓரத்தை அதே கணக்கில் இருளவைத்தால் அவர்களுக்கும் சேதி போய்ச் சேரும். புளூடூத் இயர்போனில் ஒலி கால் விநாடி வரைகூடப் பிந்தலாம். ஆகவே பீட்டில் தட்டினால் கூடுதல் கொழுந்து என்பது போன்ற விதி எதையும் வைக்க வேண்டாம்.

ஆடவிட்டுப் பார்ப்பது

ஒரே போன், ஒரே கம்பி இயர்போன், ஒரே ஒலி அளவு. இயர்போன் கட்டாயம், லயத்து வாசலில் போனை எடுத்தால் நாலு பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து "ஓடு, ஓடு!" என்பார்கள், பிறகு ஓடவைத்தது இசையா அவர்களா என்று தெரியாது. இசைச் சோதனை என்று முன்னதாகச் சொல்லக் கூடாது. பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேட்டுவிட வேண்டும். ஒவ்வொருவரும் இரண்டு முறை ஆட வேண்டும்: ஒரு முறை காற்றொலி மட்டும், ஒரு முறை முழு இசை. பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுக்காவிட்டால், இரண்டாம் முறை ஆட்டம் பழகியதால் வந்த முன்னேற்றம் இசையின் கணக்கில் ஏறிவிடும்.

கேமே விநாடிக்கு ஒரு வரி கோப்பில் எழுதட்டும்: நேரம், எந்த அடுக்கு, எத்தனை தட்டு, எவ்வளவு தூரம் நகர்ந்தார், நின்றாரா. பார்க்க வேண்டிய எண்கள் மூன்றுதான். தாளம் கேட்கும்போது தட்டுகளுக்கு இடையிலான நேரம் 0.6 விநாடியை நெருங்குகிறதா? உறுமி ஏறியபின் எத்தனை விநாடியில் விரல் நிற்கிறது? முழுத் தப்பு தொடங்கியபின் கூட்டை விட்டு விலகி ஓடுகிறாரா, அதை நோக்கியே ஓடுகிறாரா? கடைசியில் குறை தெரிந்தால் இசையைக் குற்றம் சொல்லுமுன் ஒலியின் இடவலத்தைச் சரிபார்க்கவும். உறுமி இரண்டு காதிலும் சமமாக ஒலித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தனி இழுப்பை மட்டும் கூடு இருக்கும் திசையில் நிறுத்த வேண்டும்.

ஆடி முடித்ததும் ஒன்று முதல் ஏழு வரை எண் கேட்பதைவிட "எந்த இடத்துல பதறுச்சு?" என்று கேட்டால் நேரே பதில் வரும். நாலைந்து பேரை வைத்து முடிவு எதுவும் எடுக்க முடியாது, பிழை கண்டுபிடிக்க அது தாராளமாகப் போதும்.

பெரும்பாலும் கடைசியில் வெளிப்படும் பிழை அமைதி இல்லாமைதான். குளவி போனதும் தாளம் உடனே திரும்பினால் ஆடுபவர் ஒன்றும் நடக்காதது போலப் பறிக்கத் தொடங்கிவிடுவார். பட்ட பதற்றம் வீணாகும். தப்பும் உறுமியும் இறங்கியபின் எட்டு பார், அதாவது முழுதாக ஒரு சுற்று, மூடுபனிக் காற்று மட்டும். ஐந்தாவது பாரில் தூரத்து அடிக்குச்சி ஒன்று, மெதுவாக, −20 டெசிபலில். தாளம் ஒன்பதாவது பாரில். இந்த 19.2 விநாடியில் பதிவுக் கோப்பில் தட்டு எண்ணிக்கை பூச்சியமாகவே இருந்தால் எண்களை இனிமேல் மாற்ற வேண்டாம்.